ரிவெட் துளை நீள்வட்டமானால் ரிப்பையே மாற்ற வேண்டுமா?

கிட்டாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானமான ஆர்வி-7-இன் இறக்கையில், ரிப்பைப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) பின் ஸ்பாருடன் (இறக்கையின் நீளவாக்கில் செல்லும் உத்தரம்) இணைக்கும் 1/8 அங்குல ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் உலோக ஆணி) ஒன்று சாய்ந்து படிந்ததால் அதைத் துளையிட்டு எடுத்ததாகவும், அப்போது துளை நீள்வட்டமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ரிப்பை மாற்றும் அளவுக்கு இது பெரும்பாலும் போகாது. துளையின் மையத்திலிருந்து விளிம்புவரை இரு தகடுகளிலும் குறைந்தது 5/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 8 மி.மீ. இருந்து, 5/32 அங்குலத்துக்கு விரிக்கும்போது நீள்வட்டம் முழுவதும் மறைந்துவிடுமானால், அந்த அளவு ரிவெட்டை அடிப்பதே வழக்கமான தீர்வு. இடைவெளி போதாவிட்டால் கிட் நிறுவனத்திடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். முதன்மை ஸ்பாரில் என்றால் ஒரே துளைக்கும் கேட்டாக வேண்டும்.

அடித்து உருவான தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் கொண்டு, சற்றே சாய்ந்திருந்தால், என்னைக் கேட்டால் அதை அப்படியே விட்டிருக்கலாம். எடுத்தே ஆக வேண்டிய ரிவெட்டுக்கு, எதிர்ப்புறத்தில் உள்ள, ரிவெட்டோடு வந்த தலையின் நடுவில் அதன் கனத்துக்கு மட்டும் டிரில்லை இறக்கி, துளைக்குள் பன்ச் (punch) கருவியை நுழைத்து நெம்பித் தலையை உடைத்தபின், மறுபுறம் தகட்டுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்துத் தண்டை மெதுவாகத் தட்டி வெளியேற்றுங்கள்.