ஒழுங்கையில் எத்தனை வீட்டில் லைட் எரிகிறது?

கேள்வி: அக்கா, நான் வவுனியாவில் தாதியாக வேலை செய்கிறேன். தை மாதம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றம். கணவர் கட்டாரில். நாலு வயது மகளும் அம்மாவும் என்னோடு வருவார்கள். வாடகைக்கு 30,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. நல்லூரடிதான் பாதுகாப்பு என்கிறார்கள். குருநகர்ப் பக்கம் போகவே வேண்டாம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். எங்கே வீடு பார்ப்பது?
— வாசகி, வவுனியா

பதில்: தங்கச்சி, முதலில் அந்தச் சொந்தக்காரரின் கதையைக் காதில் போடாதீர்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறை என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் நெடுக இருக்கிறது. அதற்கும் களவு, சண்டைக்கும் சம்பந்தமில்லை. உண்மைக் காரணம் சாதிதான், அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குருநகரிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளிலேயே போகலாம். எனக்கு அங்கே தயக்கம் கிணற்றை நினைத்துத்தான். கடலை ஒட்டிய இடங்களில் தண்ணீர் உவர், குடிப்பதற்கு வேறு வழி தேட வேண்டும்.

நல்லூரடி அழகான இடம். ஆனால் கந்தசாமி கோயிலை அண்டிய வீடுகளின் வாடகை உங்கள் கைக்கு எட்டாது. திருவிழா 25 நாளும் வீதிகளை அடைத்துவிடுவார்கள், இரவு வேலைக்கு ஓடுகிறவருக்கு அது பெரிய கரைச்சல். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறை அறையாக எடுத்துவிடுவதால் அங்கேயும் விலை இறங்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொக்குவில், கல்வியங்காடு, அரியாலை மூன்றையும் சுற்றிப் பார்ப்பேன். அரியாலையில் கண்டி வீதிக்குக் கிட்டக் கிடைத்தால் வவுனியா பஸ்ஸை வாசலிலேயே மறிக்கலாம்.

ஆனால் ஊர்ப் பெயரை விட ஒழுங்கை முக்கியம். வீட்டைப் பகலில் ஒருமுறை பாருங்கள், இரவு எட்டு மணிக்கு இன்னொரு முறை போங்கள். வீதியிலிருந்து படலை வரை நடந்துகொண்டே எத்தனை வீட்டில் லைட் எரிகிறது என்று எண்ணுங்கள். எங்கள் ஊரில் பாதி ஒழுங்கைகளில் வீட்டுக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார், இங்கே பெரிய மதிலும் பெரிய பூட்டும்தான். கிடுகு வேலிக் காலத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். இப்போது ஆளுயர மதிலைக் கட்டிவிட்டுப் பாதுகாப்பு என்கிறோம், கள்ளன் உள்ளே குதித்துவிட்டால் வெளியில் ஒருவருக்கும் தெரியாது. பத்து வீட்டில் ஏழு இருட்டாக இருந்தால் வாடகை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2011இல் கோண்டாவிலில் நல்ல காற்றோட்டமான ஒரு வீட்டை மலிவாக எடுத்தேன். சாவி உரிமையாளரின் மாமாவிடம் இருந்தது. நல்லூர் கொடியேறுவதற்கு இரண்டு நாள் முன்பு படலையில் ஒரு வான் வந்து நின்றது. ஆறு பேர், சூட்கேஸ் பதினொன்று, நானே எண்ணினேன். “நீங்கள் இருங்கோ அன்ரி, நாங்கள் ஒரு மாதம்தான்” என்றார்கள். அந்த ஒரு மாதமும் நானும் மகனும் பின்னறையில். காலையில் குளியலறைக்கு வரிசை, என் குசினியில் அவர்களின் சமையல். வாடகையில் சதம் குறைக்கவில்லை. ஆகவே முற்பணம் கொடுக்கமுன் கேளுங்கள்: வீடு யாருடையது, ஆடி ஆவணியில் வருவார்களா, வந்தால் எங்கே தங்குவார்கள்? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது அனெக்ஸ், அதாவது உரிமையாளர் இருக்கும் வீட்டோடு சேர்ந்த சின்ன வாடகைப் பகுதி. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்த் தனித்திருக்கும் வயதான சோடி முன்வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தாதி என்று சொன்னாலே அவர்களுக்குப் பாதி மனம் இளகிவிடும். நீங்கள் இரவு முறைக்குப் போனாலும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும். பதிலுக்கு வாரம் இரண்டு தரம் பிரஷர் பார்க்கச் சொல்வார்கள், பார்த்துவிடுங்கள். “நீங்கள் எவ்விடம்?” என்று தொடங்கி நாலு கேள்வி கேட்பார்கள். “வவுனியா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரியுங்கள். அதற்கு மேலும் துருவினால் அந்த வீடு வேண்டாம்.

தண்ணீரை நாக்கால் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு போத்தலில் எடுத்துப்போய்ப் பிளேன்ரீ, பால் விடாத தேநீர், போட்டால் உவர் தெரிந்துவிடும். கேத்தலில் படியும் வெள்ளைக்குப் பயப்பட வேண்டாம், எங்கள் நிலமே சுண்ணாம்புக் கல். கவனிக்க வேண்டியது நைத்திரேற்று. தோட்டத்துப் பசளையாலும் மலக்குழியாலும் கிணற்றில் சேர்வது, ருசியில் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு கதைத்தால் டெங்கு நிலவரமும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மகளின் பள்ளிக்கூடத்துக்கு: தரம் 1 அனுமதியில் இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாற்றக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

தை வரை காத்திருக்க வேண்டாம். கார்த்திகை மழை கொட்டும் இந்த நாட்களிலேயே ஒருமுறை வந்து பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா ஒழுங்கையும் நல்ல ஒழுங்கைதான். படலைக்குப் போக செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டி வந்தால் தரகரிடம் அடுத்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.