கையுறையை மாற்றும் முன் பரிசோதனை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். நாள் முழுக்கக் கையுறைதான். சில மாதங்களாகக் கையில் அரிப்பு, வெடிப்பு. போன வாரம் அக்கா மகன் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதினேன்; கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் 'பவுடர் இல்லாதது, ஹைப்போஅலர்ஜெனிக் (அலர்ஜி வரும் வாய்ப்பு குறைவு), உங்களுக்கு ஒத்துக்கொள்ளும்' என்று சொல்லி விலை கூடிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதுவும் லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் பாலில் செய்ததுதான். வேறு எதை வாங்குவது? பரிசோதனை அவசியமா?

பதில்: கை அரிப்பை விட உதடு வீங்கியதுதான் பெரிய எச்சரிக்கை; ரப்பர் பலூனும் பெரும்பாலும் லேடெக்ஸ்தான். டாக்டரைப் பார்க்கும்வரை பலூனும் லேடெக்ஸ் கையுறையும் வேண்டவே வேண்டாம். மறுபடி வீங்கி மூச்சு இழுத்தாலோ தலை சுற்றினாலோ 108-ஐ அழையுங்கள். மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கையுறைத் தொல்லை ஒரே வகை அல்ல. ரப்பர் மரத்துப் பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாவிட்டால், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், வீக்கம் வரும்; உயிருக்கு ஆபத்து வரை போகலாம். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுரம் போன்ற ரசாயனங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோலில் கொப்புளமும் வெடிப்பும் தெரியும். அடிக்கடி கழுவி, ஈரம் காயாமல் கையுறை போடுவதால் வரும் எரிச்சல் அலர்ஜியே இல்லை. உங்களுக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கலாம்.

இதைப் பிரித்தறியாமல் வாங்கினால் காசு வீண். புரத அலர்ஜிக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போதும். ரசாயன அலர்ஜி என்றால் பல நைட்ரைல் கையுறைகளிலும் அதே வகை ரசாயனங்கள் இருக்கும். இந்த ரசாயனங்களுக்கு ஆக்சிலரேட்டர் என்று பெயர்; 'ஆக்சிலரேட்டர் சேர்க்காதது' என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே பரிசோதனை அவசியம். புரத அலர்ஜிக்கு ரத்தத்தில் லேடெக்ஸுக்கான ஐஜிஇ (அலர்ஜியைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) பார்ப்பார்கள், அல்லது தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பார்கள். குத்திப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்; அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள். ரசாயன அலர்ஜிக்குப் பேட்ச் டெஸ்ட்: அந்த ரசாயனங்கள் வைத்த பட்டையை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அடுத்த ஓரிரு நாளில் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். லேப்களில் நூறு பொருளுக்குச் சேர்த்து விற்கும் அலர்ஜி பேக்கேஜ் உங்களுக்குத் தேவையில்லை. அறிகுறியே இல்லாத பொருளுக்கெல்லாம் 'பாசிட்டிவ்' வந்து, நல்ல சாப்பாட்டை விட்டுவிடுவதுதான் மிச்சம். ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்றாலும் உதடு வீங்கிய கதையை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த விவரத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

பெட்டி விஷயம். 'பவுடர் இல்லாதது' என்றால் லேடெக்ஸ் இல்லாதது என்று அர்த்தமில்லை. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்பதை நம்பவே வேண்டாம். இயற்கை ரப்பர் கலந்த மருத்துவப் பொருள்களில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-லேயே நிறுத்திவிட்டார்கள். பவுடர் தடவிய மருத்துவக் கையுறையை 2017-இல் அங்கே தடையும் செய்தார்கள். பவுடர் புரதத்தைச் சுமந்து காற்றில் பரவும் என்பது ஒரு முக்கியக் காரணம். அதனால் நீங்கள் மட்டும் நைட்ரைலுக்கு மாறி, பக்கத்தில் இருப்பவர் பவுடர் கையுறையை உதறினால் பயன் குறைவு. கிளினிக் முழுக்க மாற்றும்படி அங்குள்ள பல் டாக்டரிடம் கேளுங்கள். அது சலுகை அல்ல, வேலை செய்யும் இடத்தின் பாதுகாப்பு.

பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றதால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம், வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் பலருக்கு இவையும் ஒத்துக்கொள்வதில்லை. அலர்ஜி உறுதியானால், எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் முன்கூட்டியே தெரிவித்து, காற்றில் லேடெக்ஸ் துகள் குறைவாக இருக்கும் காலையில் முதல் கேஸாக எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு லேடெக்ஸ் அலர்ஜி உறுதியாகிவிட்டது. 'இயற்கை லேடெக்ஸ் மெத்தை, அலர்ஜியே வராது' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி)

பதில்: வேண்டாம். மெத்தை செய்யும்போது கழுவிப் பதப்படுத்துவதால் புரதம் குறையும். ஆனாலும் அலர்ஜி உறுதியானவருக்கு அதை வாங்கிப் பார்ப்பானேன்? ரப்பரைஸ்டு காயர் மெத்தையிலும் தேங்காய் நாரை ஒட்டவைப்பது ரப்பர் பால்தான், பலர் கவனிப்பதில்லை. இலவம்பஞ்சு மெத்தையோ பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் மெத்தையோ வாங்குங்கள். ஃபோமின் மேல் அடுக்கில் லேடெக்ஸ் சேர்க்கவில்லை என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.