தாவீதும் தாவூதும்: டீச்சரிடம் கேட்டவை

சேலத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஏற்காட்டுவாசி. பிறப்பால் சி.எஸ்.ஐ. குர்ஆனைத் தமிழில்தான் படித்திருக்கிறேன், அரபு வராது. நபிமார்களை, அதாவது பைபிள் தமிழில் தீர்க்கதரிசிகளைப் பற்றி இஸ்லாமும் கிறிஸ்தவமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். யார் சரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோட்டை, செல்போன் கடைக்காரர்: டீச்சர், கடைக்கு வந்த ஒருத்தர், தாவூத் நபி அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டாருன்னு பைபிள்ல இருக்குதுன்னாரு. எனக்கு மனசே ஆறலைங்க. ஒரு நபிய இப்படிப் பேசலாமா?

இருக்கிறது பாய். உங்கள் தாவூதைத்தான் பைபிள் தாவீது என்கிறது. இரண்டாம் சாமுவேல் 11-ஆம் அதிகாரம். தாவீது பத்சேபாளை அழைத்துக்கொள்கிறார், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிடுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார்: நிறைய ஆடு வைத்திருந்த பணக்காரன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டான். தாவீது கோபத்தில் கொதிக்கும்போது, "நீயே அந்த மனுஷன்" என்கிறார்.

இப்போது உங்கள் குர்ஆனில் 38-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். தாவூத் நபியிடம் இருவர் மதிலேறி வந்து வழக்குச் சொல்கிறார்கள். ஒருவனிடம் 99 ஆடு, மற்றவனிடம் ஒன்று. அந்த ஒன்றையும் இவன் கேட்கிறான். தாவூத் தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து மன்னிப்புக் கேட்கிறார். பத்சேபாளும் இல்லை, உரியாவும் இல்லை. பழைய குர்ஆன் விரிவுரைகள் சிலவற்றில் அந்தக் கதை நுழைந்தது உண்மை. ஆனால் இப்னு கஸீர் போன்ற விரிவுரையாளர்கள் அது யூதர்களிடமிருந்து வந்த செய்தி, ஆதாரமுள்ள ஹதீஸ் (நபிமொழி) இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஏன் ஒதுக்க வேண்டியிருந்தது? நபி என்பவர் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி. அவரே பெரும்பாவம் செய்தால் மக்கள் யாரைப் பார்த்து நடப்பது? அதனால் நபிமார்களை அல்லாஹ் பெரும்பாவத்திலிருந்து காக்கிறான் என்பது கொள்கை. சின்னச் சறுக்கல் உண்டா என்பதில் அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. யூனுஸ் நபி (பைபிளின் யோனா) கோபித்துக்கொண்டு போனதைக் குர்ஆனே சொல்கிறது. கண் தெரியாத ஒருவர் வந்தபோது முகம் சுளித்ததற்காக முஹம்மது நபிக்கே கண்டிப்பு வருகிறது, 80-ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில்.

பைபிளின் கணக்கு வேறு. தூய்மையானவர் கடவுள் ஒருவரே, மற்ற எல்லோரும் மண் என்று காட்டுவதில் அதற்கு ஒரு பிடிவாதமே உண்டு. மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போதுகூட "உரியாவின் மனைவி" என்று சேர்த்துவிடுகிறார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. என் கட்சியை நான் புகழ்வதாக நினைக்காதீர்கள், எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைபிளில் தாவீது முதலில் ராஜா. அவரைத் தீர்க்கதரிசி என்று சொல்வது அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில்தான். நோவா, லோத்து இவர்களுக்கு அந்தப் பட்டமே கிடையாது. உங்களுக்கோ ஆதமிலிருந்தே நபிமார்கள். ஆகவே நோவா குடித்துக் கிடந்தார் என்று கிறிஸ்தவர் படிக்கும்போது அவர் ஒரு நபியை இழிவுபடுத்துவதாக நினைப்பதில்லை. நீங்கள் கேட்கும்போது அது நபியின் கதையாகக் காதில் விழுகிறது. சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அம்மாப்பேட்டை, தறிக்காரர்: நாங்க ரெண்டுலயும் சேராதவங்கங்க. ஆளுங்க எல்லாம் ஒண்ணுதான்னா, அப்புறம் என்னங்க வித்தியாசம்?

அந்த ஆட்கள் எதற்காக வந்தார்கள் என்பதில் வித்தியாசம். இஸ்லாத்தில் எல்லா நபிமார்களும் சொன்ன சேதி அடிப்படையில் ஒன்றே: ஒரே இறைவனை வணங்கு. மக்கள் மறக்க மறக்க அடுத்தவர் வருகிறார், முஹம்மது நபியோடு அந்த வரிசை முடிகிறது, 33:40-இல் "நபிமார்களின் முத்திரை" என்று வரும். கிறிஸ்தவத்தில் வரிசை ஒருவரை நோக்கி நடக்கிறது. எபிரெயர் நிருபத்தின் முதல் வரிகளே போதும்: முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலம் பேசிய தேவன், கடைசி நாட்களில் குமாரன் மூலம் பேசினார். அங்கே இயேசு வழிகாட்டி மட்டுமில்லை, வந்து சேர வேண்டிய இடமே அவர்தான். அதனால்தான் மூசா நபியின் (மோசேயின்) பெயர் குர்ஆனில் 130 தடவைக்கு மேல் வந்தாலும், கிறிஸ்தவரின் கவனம் ஈசா நபியை, அதாவது இயேசுவைப் பற்றிய வசனங்களிலேயே போய் நிற்கும்.

சூரமங்கலம், ரயில்வே ஊழியர்: அவங்க இயேசுவ நபின்னு ஏத்துக்கறாங்க. நம்ம சபைங்க ஏன் முஹம்மது நபிய ஏத்துக்கக் கூடாது? ஒரு மரியாதைக்காவது?

இந்தக் கேள்வியைப் பல கிறிஸ்தவர்கள் உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

முஸ்லிம் ஒருவர் ஈசா நபியை மறுத்தால் அவர் முஸ்லிமே இல்லை. தகப்பனில்லாமல் மர்யமுக்கு (மரியாளுக்கு) பிறந்தவர், மஸீஹ் (மேசியா), தொட்டிலில் பேசியவர், திரும்பி வருபவர், இவ்வளவும் அவர்கள் நம்பிக்கை. ஆனால் அந்த ஈசா இறைமகன் அல்லர், சிலுவையில் கொல்லப்படவும் இல்லை (4:157). அதாவது சபை எதை மையம் என்கிறதோ அதை எடுத்துவிட்டு மற்றதை மதிக்கிறார்கள். மறுபக்கம், முஹம்மதை நபி என்று கிறிஸ்தவர் முழுமையாக ஏற்றால், அவர் கொண்டுவந்த அந்த வசனத்தையும் ஏற்க வேண்டும். அப்போது பெரிய வெள்ளி எதற்கு? இரண்டு ஏற்பையும் ஒரே தராசில் வைக்க முடியாதது இதனால்தான்.

மரியாதைக்கு இதெல்லாம் தடையில்லை. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாக்தாதில் கலீஃபா மஹ்தி, கிழக்குச் சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயுவிடம் இதையே கேட்டார். முஹம்மது தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தவர் என்றார் திமோத்தேயு. ஏகத்துவம் போதித்தார், விக்கிரகங்களை விலக்கினார் என்று காரணமும் சொன்னார். தீர்க்கதரிசி என்று மட்டும் சொல்லவில்லை. கலீஃபா முன்னால் நின்றுகொண்டு பொய்யும் சொல்லாமல், அவமதிப்பும் செய்யாமல்! 1965-இல் கத்தோலிக்கரின் வத்திக்கான் சங்கம் முஸ்லிம்களைப் பற்றி மதிப்போடு எழுதிய அறிக்கையிலும் முஹம்மது நபியின் பெயர் இல்லை. திமோத்தேயு அதைவிடத் துணிந்தவர் என்பது என் எண்ணம்.

ஆத்தூர், கல்லூரி மாணவி: பைபிள்ல இல்லாத நபிங்க இருக்காங்களா மேம்?

ஹூத், ஸாலிஹ். இருவரும் அரபு நாட்டவர். மறுபுறம் ஏசாயா, எரேமியா பெயர்கள் குர்ஆனில் இல்லை. பெயர் சொல்லப்படாத தூதர்களும் உண்டு என்று 40:78 சொல்வதால் முஸ்லிம்கள் அதை ஒரு பிரச்சினையாக எடுப்பதில்லை.

அதே மாணவி: பெண் தீர்க்கதரிசி?

பைபிளில் மிரியாம், தெபொராள், உல்தாள், அன்னாள், பிலிப்புவின் நான்கு மகள்கள். இஸ்லாத்தில் நபிமார்கள் ஆண்களே என்பது பெரும்பான்மைக் கருத்து. மர்யமும் நபிதான் என்று வாதாடியவர் ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம்.

நாகலூர், எஸ்டேட் மேஸ்திரி: எங்க ஜெபக்கூட்டத்துல பாஸ்டர் தீர்க்கதரிசனம் சொல்றாரு, "உனக்கு வீடு வரும், வேலை வரும்"னு. இப்பவும் தீர்க்கதரிசிங்க இருக்காங்களாம்மா?

பவுல் அதை ஆவியின் வரம் என்கிறார், பெந்தெகொஸ்தே சபைகள் இன்றும் உண்டு என்கின்றன. பழைய சபைகள் பலவற்றுக்குத் தயக்கம். ஆனால் பெந்தெகொஸ்தேகாரருக்கும் அது வேதத்துக்குச் சமமில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்லி தெசலோனிக்கேயர் நிருபம் இருக்கிறது. வீடு வரும் என்றவரிடம் காணிக்கை கேட்டாரா என்று பாருங்கள், அதுவும் ஒரு சோதனைதான்! இஸ்லாத்தில் இந்தக் கதவு மூடியாயிற்று. நல்ல கனவு நபித்துவத்தின் 46 பங்குகளில் ஒன்று என்று ஹதீஸ் உண்டு, அதற்குமேல் யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஏற்காடு, ஆசிரியை: ஸ்கூல் டிராமாவுல ஒரு முஸ்லிம் பையனுக்கு மோசே வேஷம் குடுத்தோம்க்கா. அவங்க அம்மா வேண்டாம்னுட்டாங்க. தப்பா எடுத்துக்கிட்டாங்களோ?

இல்லம்மா. நபிமார்களை உருவமாகக் காட்டுவதையோ நடிப்பதையோ பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அனுமதிப்பதில்லை, மூசா நபியும் அவர்களுக்கு நபியல்லவா. நாம் படம் வைத்து வளர்ந்தவர்கள், நமக்கு அது தோன்றாது. பையனுக்குக் குரல் நன்றாக இருந்தால் கதை சொல்பவனாகப் போடுங்கள், இல்லையென்றால் பார்வோன் வேஷம். எதற்கும் அவன் அம்மாவிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.