வார்ட்ரோப் ஓரம் நசுங்கி, பட்டை பெயர்ந்து, உள்ளே தூள் தெரிகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் ஆளாளுக்குச் சொல்லும் அந்த இஸ்திரிப் பெட்டி வைத்தியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். ஈரத்துணி போட்டு மேலே சூடு வைத்தால் குழி எழும்பி வரும் என்பது தேக்கு, வேம்பு மாதிரி முழு மரத்துக்குப் பொருந்தும். அதில் அமுங்கியிருப்பது மரநார். நீராவி பட்டால் விரிந்து மேலே வரும். உள்ளே தூள் தெரிகிறது என்றால் உங்களுடையது பார்ட்டிகிள் போர்டு. அது மரச் சில்லும் தூளும், பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்தி எடுத்தது. அடி பட்ட இடத்தில் அந்தப் பசைப்பிடிப்பே விட்டுப்போயிருக்கிறது. அதில் ஈரம் இறங்கினால் சில்லு ஊதும். ஊதியது காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஊற்றி ஊறவிடுவதும் இதே தப்புதான்.

உங்களுடையது வீடு மாற்றும்போது மூலை தரையில் இடித்த கேஸ் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்கேலை எடுத்து நசுங்கிய இடத்தின் கனத்தை அளந்து பாருங்கள். 18 மி.மீ. பலகை அந்த இடத்தில் மட்டும் 20, 21 காட்டும். இடி உள்ளே போனதும் சில்லுகள் இரு பக்கமும் பிதுங்கி மேல்தாளைத் தூக்கிவிடுகின்றன. பலர் குழியை மட்டும் பட்டி வைத்து நிரப்பிவிட்டு, "ஏன் இன்னும் புடைத்த மாதிரி இருக்கிறது" என்று கேட்பது இதனால்தான். முதலில் கனத்தைக் குறைக்க வேண்டும். குழி அடைப்பதெல்லாம் பிறகு.

முதல் வேலை, பட்டையைக் கழற்றுவது. ஹேர் டிரையரால் ஓர் அடி நீளத்துக்குச் சூடு காட்டினால் பின்னால் இருக்கும் பசை இளகும். பட்டித் தகட்டை நுழைத்து மெல்ல நெம்புங்கள். ஒட்டியிருக்கும் பழைய பசையை ஆறுவதற்குள் சுரண்டிவிடுங்கள். உதிர்ந்த தூளைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் சில்லுகளைப் பிடுங்க வேண்டாம், அவை ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கெட்டிப்படுத்துவது. ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள சின்ன நசுங்கல் என்றால் தண்ணீர் போல ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். அதைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டால் கை சுடும் அளவுக்குச் சூடேறும். அதைவிடப் பெரிய சேதத்துக்கு அரால்டைட் என்ற எபாக்ஸி பசை. இரண்டு ட்யூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் இளகி உள்ளே இறங்கும். சூட்டில் சீக்கிரம் இறுகவும் செய்யும் என்பதால் கொஞ்சமாகவே கலக்குங்கள். தடவியதும் இரண்டு ப்ளைவுட் துண்டுகளில் பேக்கிங் டேப் சுற்றி (டேப்பில் அரால்டைட் பிடிக்காது), பலகையின் இரு பக்கமும் வைத்து சி-கிளாம்பால் இறுக்குங்கள். ஸ்கேலில் 18 வரும்வரை இறுக்கி, ஓர் இரவு விடுங்கள். இதைத் தாண்டி அவசரப்பட்டால் மேலே செய்யும் எந்த வேலையும் நிற்காது.

மறுநாள் குழியை நிரப்பலாம். அரால்டைட்டை முதலில் நன்றாகக் கலந்துவிட்டு, அதன்பின் சன்னமான மரத்தூளை அடைமாவு பதம் வரும்வரை சேருங்கள். தூள் ப்ளைவுட் கடையில் அறுக்கும் மெஷினடியில் கிடைக்கும், காசு கேட்க மாட்டார்கள். இரு பக்கமும் 2 செ.மீ. உடைந்த மூலைக்கு ஒரு தேக்கரண்டி கலவை தாராளம். டேப்பால் அணை கட்டி, அரை மி.மீ. உயரமாகவே வையுங்கள். ரப்பர் மாதிரி இருக்கும் பதத்திலேயே மிஞ்சியதைக் கட்டர் பிளேடால் சீவிவிட்டால், முழுசாக இறுகியபின் தேய்க்கும் பாடு பாதியாகும். தேய்ப்பது 120 உப்புத்தாள், பிறகு 220, இரண்டையும் கட்டையில் சுற்றித்தான். மேல்முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பிரிலேமினேட்டட் பலகையின், அதாவது மேல்தாள் ஒட்டியே வரும் பலகையின், மேலே இருப்பது மெலமைன் காகிதம், மைக்கா இல்லை. நாலு இழுப்பில் நிறம் போய் உள்ளிருக்கும் பலகை தெரியும். அதற்கு மருந்து கிடையாது.

எம்-சீல் போதாதா என்பீர்கள். நிரப்பும், நிற்கும். ஆனால் கையால் பிசையும் பொருள் சில்லுக்குள் ஊறிப் போகாது. கெட்டிப்படுத்திய பிறகு மேலே வைத்தால் சரி, நேராக உதிர்தூள் மேல் வைத்தால் ஒருநாள் கட்டியாகக் கழன்று விழும்.

பட்டைக்கு வருவோம். 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பிவிசி எட்ஜ் பேண்ட், கனம் 0.8 அல்லது 2. ஒட்டுப்போடாமல் அந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே நீளமாக மாற்றுங்கள். பழைய பட்டையின் துண்டை வெட்டி எடுத்துப்போய் நிறம் பாருங்கள், பளபளப்பும் ஒத்துவர வேண்டும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 என்ற ரப்பர் பசை. பலகை ஓரம் முதல் பூச்சைக் குடித்துவிடும், காயவிட்டு இரண்டாவது பூசுங்கள். பட்டையில் ஒன்று போதும். விரலில் ஒட்டாத பதம் வர 10, 15 நிமிடம் ஆகும். பிறகு வைத்து அழுத்தினால் நகர்த்த முடியாது, அதனால் ஒரு முனையிலிருந்து வாருங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பு, ஊதுபத்தி இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஆவி குபீரென்று பிடிக்கும். மிஞ்சிய விளிம்பைச் சீவியபின் அரத்தைப் பட்டையிலிருந்து பலகையை நோக்கித் தள்ளுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் பட்டை பெயரும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஓர் ஆசாரியைக் கூப்பிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தாராளமாகக் கூப்பிடுங்கள், ஒரு மூலைக்காக வருகிறவர் கிடைத்தால். என் கோபம் விற்பவர்கள் மேல்தான். அட்டைப் பெட்டியில் 'எஞ்சினியர்டு வுட்' என்று அச்சடித்து விற்கிறார்கள். ப்ளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு மூன்றையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடலாம், பொய்யும் சொன்னதாகாது. பார்ட்டிகிள் போர்டு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மூலைக்கு ஒரு தெர்மோகோல் துண்டாவது வைத்து அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஒன்றை விட்டுவிட்டேன். கதவின் கீழ் ஓரம் மாப் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. உப்பியதைச் சீவி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, அரால்டைட் பூசி அடைத்துவிட்டு, முக்கால் இன்ச் அலுமினிய எல்-ஆங்கிளை முழு நீளத்துக்கும் ஒட்டிவிடுங்கள்.