விடை ஏன் பாதியாகிறது?

கேள்வி: 20 மீட்டர் உயர மாடியிலிருந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பந்தைக் கிடைமட்டமாக எறிகிறோம். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தூரம் தள்ளித் தரையில் விழும்? எனக்கு 1 நொடி, 15 மீட்டர் என்று வருகிறது. புத்தகத்தில் 30 மீட்டர். எங்கே தப்பு?
- பிளஸ் ஒன் மாணவி

பதில்: உயரத்துக்கான சமன்பாட்டில் தொடக்க வேகமாக 15-ஐப் போட்டுவிட்டீர்கள், சரிதானே? அப்படிப் போட்டால் இந்தக் கணக்கில் விடை முழுசாக 1 நொடி என்று வந்து நிற்கும், சந்தேகமே வராது, அதுதான் வில்லங்கம். அந்த 15 முழுக்கப் பக்கவாட்டு வேகம், எறியும் கணத்தில் கீழ்நோக்கி வேகம் சுழியம். ஆகவே நேரத்தைக் கண்டுபிடிக்கும்வரை 15-ஐத் தொடவே வேண்டாம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் 20 = ½ × 10 × t², நேரம் 2 நொடி; சும்மா கைநழுவி விழும் பந்துக்கும் இதே 2 நொடிதான், இதை நம்பத்தான் பலருக்கும் மனசு வருவதில்லை! அப்புறம் 15 × 2 = 30 மீட்டர், ஏனென்றால் காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காதபோது பக்கவாட்டு வேகத்தை மாற்ற எந்த விசையும் இல்லை. இரண்டு இயக்கங்களையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்து, பாதை பரவளையம் என்று 1638-இல் வெளியான நூலில் காட்டியவர் கலிலியோ.

தரையைத் தொடும் வேகத்தையும் கேட்பார்கள். கீழ்நோக்கி 10 × 2 = 20, பக்கவாட்டில் 15, இவற்றைக் கூட்டி 35 என்று எழுதிவிடாதீர்கள். ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகள், பிதாகரஸ்தான்: நொடிக்கு 25 மீட்டர்.