தொடுதிரையைக் காதால் பழகுவது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. வயது 61. இதுவரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். அவருக்கு என்ன ஸ்மார்ட்போன் வாங்கலாம்? பார்வையற்றோருக்கென்று தனி போன் இருக்கிறதா? – வாசகி, தேனி

பதில்: தனி போன் தேவையில்லை. ஐபோனில் 2009-இலிருந்தே வாய்ஸ்ஓவர் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் வருகிறது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதிகள் இவை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நடுத்தர பட்ஜெட் என்றால் ஆண்ட்ராய்டே போதும்.

கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் போனைக் கையில் வாங்கித் தடவிப் பாருங்கள். திரையின் ஓரம் வளைந்திருந்தால் வேண்டாம். பிடித்திருக்கும் கையின் விரல்கள் ஓரத்தில் பட்டு, போன் அதையும் ஒரு தொடுதலாக எடுத்துக்கொள்ளும். கைரேகை சென்சார் பக்கவாட்டில், பவர் பட்டனிலேயே இருப்பது நல்லது. கண்ணாடிக்கு அடியில் இருந்தால் விரலுக்கு அடையாளம் கிடைக்காது. 3.5 மி.மீ. இயர்ஃபோன் துளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். புளூடூத்தில் குரல் ஒரு நொடிப்பொழுது தாமதமாக வரும். புதிதாகப் பழகுகிறவர் 'வேலை செய்யவில்லை' என்று நினைத்து மறுபடி திரையில் விரலைத் தள்ளுவார். குழப்பம் அங்கேதான் தொடங்கும். ரேம் 6 ஜிபிக்குக் குறைய வேண்டாம்.

இன்னொன்று: அப்பாவையும் கடைக்கு அழைத்துப் போங்கள். டெமோ போனில் செட்டிங்ஸ், அக்சஸபிலிட்டி, டாக்பேக் என்று போய் ஆன் செய்யும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். டயலர், மெசேஜ், செட்டிங்ஸ் மூன்றையும் திறந்து அப்பாவை விரலால் தடவச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் சொன்னால் நல்லது. 'பட்டன்', 'அன்லேபிள்ட்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், கம்பெனி தன் ஆப்களில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறது என்று பொருள். அந்த போனை வாங்காதீர்கள். விலை குறைவு என்பதற்காக ஒருவரைத் தினமும் தடுமாற வைக்கக்கூடாது.

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தகுதியுள்ள பார்வையற்றோருக்கு இலவசமாக ஸ்மார்ட்போன் வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: டாக்பேக் போட்டுவிட்டேன். ஆனால் இரண்டு முறை தட்டினால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை. ஸ்வைப் செய்தாலும் எங்கெங்கோ போகிறது. – வாசகர், மன்னார்குடி

பதில்: போன் சரியாகத்தான் இருக்கிறது. விரலின் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டாக்பேக் ஓடும்போது ஒரு விரலை வைத்து மெதுவாக நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதைச் சொல்லும். அதே விரலை வலது பக்கம் சட்டென்று தள்ளி எடுத்தால் அடுத்த உருப்படிக்குப் போகும். இடது பக்கம் தள்ளினால் முந்தையது. தள்ளுவது மெதுவானால் அதைத் தடவுவதாக எண்ணி, விரல் நின்ற இடத்தில் இருப்பதைச் சொல்லிவிடும். 'எங்கெங்கோ போகிறது' என்பது இதனால்தான். இரண்டு அங்குலத் தூரம், சுண்டுகிற வேகம் போதும்.

இனி இரட்டைத் தட்டு. வேண்டிய பெயரைக் கேட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். அந்த உருப்படி தேர்வாகித்தான் இருக்கும். அதன் மேலேயே தட்ட வேண்டியதில்லை. திரையின் நடுவில், காலியான இடத்தில்கூட இரண்டு முறை தட்டலாம். பெரும்பாலானோர் ஐகானைத் தேடி அதன் மேல் தட்டப் பார்ப்பார்கள். அப்போது முதல் தட்டு தள்ளி விழுந்து பக்கத்து ஐகான் தேர்வாகிவிடும். இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அழுத்தியிருந்தால் அது 'லாங் பிரஸ்' ஆகி வேறு மெனு வரும்.

பட்டியலை நகர்த்த இரண்டு விரல். வந்த அழைப்பை எடுக்கவும் முடிக்கவும் இரண்டு விரலால் இரட்டைத் தட்டு. டாக்பேக்கின் பழைய பதிப்புகளில் இது இருக்காது. அழைப்பை முடிக்கப் பவர் பட்டனையே பயன்படுத்தும் வசதி அக்சஸபிலிட்டியில் உண்டு. அதையும் போட்டு வையுங்கள். டாக்பேக் செட்டிங்ஸில் பயிற்சிப் பாடமும் இருக்கிறது. முதல் வாரம் அதைத் தினமும் கால்மணி நேரம் செய்யுங்கள். வாட்ஸ்அப் பக்கம் பிறகு போகலாம்.

வீட்டில் பார்வையுள்ளவர்களும் இந்தப் போனை எடுப்பார்கள் என்றால், இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து சில நொடி அழுத்தினால் டாக்பேக் அணையும்படி ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 'போன் லாக் ஆகிவிட்டது' என்று யாராவது கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

கேள்வி: தமிழில் வரும் மெசேஜை மட்டும் டாக்பேக் படிக்காமல் மௌனமாகத் தாண்டிவிடுகிறது. – வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் போனில் இருப்பது ஆங்கிலக் குரல். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. அக்சஸபிலிட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' பகுதிக்குப் போய் கூகுள் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, அதில் தமிழ்க் குரல் தரவை வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கியபின் நெட் இல்லாமலும் பேசும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் உச்சரிப்பில் படிக்கும். இரண்டு நாளில் காது பழகிவிடும். கூகுள் குரல் மந்தமாகத் தோன்றினால் ஈஸ்பீக் என்ற இன்னொரு குரல் ஆப் இருக்கிறது, இலவசம். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகமாகப் படிக்கும்.

கேள்வி: பஸ்ஸில், கடையில் யுபிஐ பின் போடப் பயமாக இருக்கிறது. வங்கியின் வீடியோ கேஒய்சியில் (வீடியோ மூலம் அடையாளத்தை உறுதிசெய்வதில்) 'கண் சிமிட்டுங்கள்' என்கிறார்கள். என்னால் முடியவில்லை. – வாசகர், சேலம்

பதில்: பின் போடும்போது ஒற்றைக் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், எண்ணை டாக்பேக் சொல்வது உங்களுக்கு மட்டும் கேட்கும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் திரை கறுப்பாகிவிடும், போன் வழக்கம்போல் பேசும். பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் அதே வேலை நடக்கும். கையில் இருப்பது எத்தனை ரூபாய் நோட்டு என்று அறிய ரிசர்வ் வங்கியின் 'மணி' ஆப் இருக்கிறது. 2020-இல் வந்தது, நெட் இல்லாமலும் ரூபாய் மதிப்பைச் சொல்லும்.

கண் சிமிட்ட முடியாதது உங்கள் குறை அல்ல. டிஜிட்டல் கேஒய்சியை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி அமைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் அது உரிமை என்றது. கண் சிமிட்டாமலே உயிருள்ளவர் என்பதை உறுதிசெய்யும் மாற்று வழி தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, மாற்று வழி வேண்டும் என்று கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் தரலாம்.