முதியோர் இல்லத்தில் இருக்கும் என் அம்மாவிடம் வந்து மதப் பிரசாரம் செய்கிறார்கள். நான் தலையிடலாமா?

தலையிடலாம். ஆனால் எதில் தலையிடப் போகிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். யோசிக்காமல் கிளம்பிப்போய் அசடு வழிந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது இது: அம்மாவுக்கு வயது 79, ஞாபகம் கொஞ்சம் தவறுகிறது, வாரம் ஒருமுறை ஒரு குழு வந்து பிரார்த்தனை செய்து துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போகிறது, நிர்வாகத்திடம் கேட்டால் “நல்ல மனுஷங்கதானே” என்கிறார்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நிர்வாகம் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான்.

என் பெரியம்மா மூன்று வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே வந்த குழு எந்த மதம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் கீழே கருத்துப் பகுதியில் பாதிப் பேர் “அவங்க அப்படித்தான்” என்பார்கள், மீதிப் பேர் அவர்களோடு சண்டைக்குப் போவார்கள். தவிர, இதே வேலையை இதே சிரிப்போடு வேறு மதத்துக்காரர்களும், ஒரே மதத்தின் வேறு பிரிவுக்காரர்களும், ஒரு குருவின் சீடர்களும் செய்வதை அதே கூடத்தில் பார்த்துவிட்டேன்.

ஒருநாள் இல்லத்திலிருந்து போன். பெரியம்மா தங்கள் மதத்தில் சேரச் சம்மதித்துவிட்டதாகவும், அடுத்த வாரம் சடங்கு என்றும் அந்தக் குழு சொல்கிறதாம், குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டார்களாம். அடுத்த முறை அவர்கள் வரும் நேரம் பார்த்துக் கொதித்துக்கொண்டு போனேன். பெரியம்மாவின் கட்டிலைச் சுற்றி மூன்று பெண்கள். ஒருவர் ஏதோ வாசிக்கிறார். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் காலடியில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து பெரியம்மாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுகிறார்.

அவர்கள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். நம்ம குடும்பம் என்ன, தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு பாட்டம். பெரியம்மா “இரு, இரு” என்று கையைக் காட்டிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்ன டப்பாவிலிருந்து காது மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். அது ஒரு கீச்சுச் சத்தம் போட்டு அடங்கியது. “ம், இப்ப சொல்லு” என்றார்.

அவர்கள் வாசிக்க ஆரம்பித்தால் இவர் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாராம். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அப்புறம் எதற்குத் தலையாட்டினாய் என்று கேட்டேன். “சும்மா உட்கார்ந்திருந்தா அவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல. நகம் வேற வெட்டி விடுறாங்க. எனக்குக் குனிய முடியல. நீ வந்து எத்தனை வாரம் ஆச்சுடி?”

ஆறு வாரம். வயதானவர்களின் கால் நகம் தடித்து, ஓடு மாதிரி ஆகிவிடும். வெட்டப் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். முப்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு ஊழியர்களிடம் அது இல்லை. என்னிடமும் இருந்திருக்கவில்லை.

அந்தத் தலையாட்டலைத்தான் அவர்கள் சம்மதம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கே நின்று பேசுகிறோம் என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் வந்து பேசினால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், தெருவில் பேசினால் நடந்துவிடலாம். கட்டிலில் இருப்பவரால் எழுந்துபோக முடியாது. அதைவிட, ‘வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்த வாரம் யாரும் எட்டிப்பார்க்கமாட்டார்களோ என்ற பயம். அந்த பயத்தோடு சொல்லும் ‘சரி’யை எப்படிச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது?

சட்டத்தைக் கேட்பவர்களுக்காக: 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், பிரிவு 18, மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே தருகிறது. அதில் வயது வரம்பு கிடையாது. பேசுபவரின் உரிமையும் சின்னதல்ல. கிரேக்க நாட்டில் வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்து அறுபது தடவைக்கு மேல் கைதான கொக்கினாகிஸ் என்பவரின் வழக்கில், 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு கோடும் போட்டது: தன் நம்பிக்கையை எடுத்துச் சொல்வது வேறு, ஆதாயம் காட்டியோ, துன்பத்திலும் தேவையிலும் இருப்பவர்களை நெருக்கியோ ஆள் சேர்ப்பது வேறு. முதியோர் இல்லத்தில் யார்தான் தேவையில் இல்லை? உலகின் பெரிய கிறிஸ்தவ அமைப்புகள் மூன்று சேர்ந்து 2011-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும், வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதற்கு இடமே இல்லை என்றுதான் இருக்கிறது. ஆக, பிரசாரம் செய்பவர்கள் கிறிஸ்தவர்கள் என்றால் அவர்களிடம் “இது உங்கள் பெரியவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்” என்று சொல்ல முடியும். சண்டை போடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

வெளியிலிருந்து வருபவர்களைவிட நான் பயப்படுவது உள்ளே இருப்பவர்களுக்குத்தான். இரவில் படுக்கை விரிப்பை மாற்றுபவர், மாத்திரை தருபவர், கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறவர், இவர்களில் ஒருவர் அந்த வேலையின் நடுவே “எங்க கடவுளை நம்புங்க, வலி போயிடும்” என்றால் அந்தப் பாட்டி என்ன செய்வார்? நாளைக் காலையிலும் அவர் கையைத்தான் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளிடம், வேண்டாம் என்று எச்சரித்த பிறகும் மதம் பேசிய ஒரு செவிலியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த நீக்கம் சரிதான் என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. கிரேக்க விமானப்படை அதிகாரிகள் வழக்கிலும் (1998) இதே கதை. தமக்குக் கீழே இருந்த வீரர்களிடம் பிரசாரம் செய்ததற்கான தண்டனை நின்றது, வெளியாட்களிடம் செய்ததற்கான தண்டனை தப்பு என்றானது. உங்கள் அம்மாவிடம் பேசுவது ஊழியர் என்றால் தயங்கவே வேண்டாம், நேராக நிர்வாகியிடம் போங்கள்.

அப்புறம் ஞாபக மறதி. பெரியம்மாவின் பக்கத்து அறையில் ஒரு தாத்தா. செவ்வாய்க்கிழமைக் குழு கேட்டாலும் ‘ஆமாம்’, வெள்ளிக்கிழமைக் குழு கேட்டாலும் ‘ஆமாம்’. என் கணக்குப்படி அவர் நான்கைந்து முறை மதம் மாறியிருப்பார். ஆனால் மாலையானால், சின்ன வயதில் அவர் அம்மா சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார். மறதி நோய் பெரும்பாலும் சமீபத்து ஞாபகத்தைத்தான் முதலில் தின்னும், பழசு கடைசி வரை நிற்கும். அப்படிப்பட்டவரிடம் புதிதாக ஒன்றைச் சொல்லி ‘ஆமாம்’ வாங்குவதில் என்ன இருக்கிறது? அவருக்கு அந்தப் பழைய பிரார்த்தனையில்தான் நிம்மதி என்றால் அதைக் கூட இருந்து சொல்லட்டுமே.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அங்கே நடந்தது. எண்பது தாண்டிய, கணக்கு டீச்சராக இருந்த ஒரு அம்மா, தெளிவான மூளை, ஒரு வருடம் படித்துக் கேட்டு யோசித்து, மதம் மாற வேண்டும் என்றார். மகன் வந்து “அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சு” என்று எல்லாரையும் விரட்டினார். அதுவும் அநியாயம். இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: ஒருவர் எடுக்கும் முடிவு நமக்கு அசட்டுத்தனமாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அதனால், முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் குழு இல்லாத நாளில், தனியாக, அவசரப்படாமல். நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத் திணிக்காமல். ஒரு வாரம் கழித்து அதையே இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் ஓரளவு நம்பலாம்.

நான் நிர்வாகியிடம் கேட்டவை பெரிதாக ஒன்றுமில்லை. எந்த மதக் குழு வந்தாலும் பொதுக்கூடத்தில் உட்காரட்டும், விருப்பமுள்ளவர்கள் வரட்டும், நடக்க முடியாதவர்களை அவர்கள் கேட்டால் மட்டும் அழைத்து வாருங்கள். அறைக்குள் போவதென்றால் அங்கே இருப்பவர் கூப்பிட்டிருக்க வேண்டும். சேரும்போதே ஒவ்வொருவரிடமும் ‘எந்தப் பிரார்த்தனை வேண்டும், எது வேண்டாம், கடைசி நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும்’ என்று கேட்டு எழுதி வையுங்கள். குடும்பமோ, அந்தக் குழுவையும் இல்லத்தையும் சாராத வேறு ஆளோ இல்லாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது. இந்தக் கடைசியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு சகோதரிகள் சபையில் சேர்ந்து சொத்தையெல்லாம் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணின் வழக்கு 1887-இல் இங்கிலாந்தில் வந்தது. அந்த மாதிரி இடத்தில் கொடுத்தது சுதந்திரமான மனதோடு கொடுத்ததாகாது என்று நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனாலும் சபையை விட்டு வெளியே வந்த பிறகு பல வருடம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டதால் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பணம், உயில் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

நிர்வாகி கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். பெரியம்மாவே அந்த மூன்று பேரிடமும் சொன்னார்: “சடங்கெல்லாம் வேண்டாம்மா, வாசிக்கவும் வேண்டாம். சும்மா வாங்க.” இரண்டு பேர் அதற்கப்புறம் வரவில்லை. நகம் வெட்டியவர் மட்டும் மாதம் ஒருமுறை வருகிறார். அவர் வரும்போது பெரியம்மா மெஷினைக் கழற்றுவதில்லை. என்னத்தைப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டேன், அது உனக்கெதற்கு என்றுவிட்டார்.